டி-ரெக்ஸை நடக்கவைக்கும்போது செய்யக்கூடாதவை

அனிமேஷனில் முதல் தடவை டி-ரெக்ஸ் டைனோசருக்கு வாக் சைக்கிள் (இரண்டு காலும் ஒவ்வோர் அடி வைத்து முடிக்கிற, திரும்பத் திரும்ப ஓடவிடும் நடைச் சுற்று) போட்டபோது, மனிதனுக்குப் போட்டுப் பழகிய அதே 24 ஃபிரேமில் முடித்துவிட்டேன். ஓடவிட்டுப் பார்த்தால், எட்டு டன் மிருகம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிற மாதிரி இருந்தது. கால் நீண்டால் அது ஊசலாடும் நேரமும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் அல்ல. நீளம் 4 மடங்கானால் நேரம் 2 மடங்கு. இதன் இடுப்பு சுமார் 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம்முடையது ஒரு மீட்டருக்குச் சற்றுக் கீழே. ஆகவே நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் சைக்கிளை 48-க்குக் கீழே இறக்காதீர்கள். ஆற அமர நடக்கிறது என்றால் 72 வரைகூடப் போகலாம்.

அடுத்தது முழங்கால். பின்பக்கமாக மடிகிறதே, அது முழங்கால் இல்லை, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது, நம்மைப் போல முன்பக்கம்தான் மடியும். ரிக்கில் (உருவத்தை அசைக்க உள்ளே போடும் எலும்புக்கூட்டில்) இதைக் குழப்பிவிட்டு அப்புறம் கீ ஃபிரேமோடு (முக்கிய நிலைகளைக் குறிக்கும் ஃபிரேம்களோடு) மல்லுக்கட்டிப் பயனில்லை.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது வாலில்தான். கால்களின் அசைவை முழுக்க முடித்துவிட்டு, கடைசியில் வாலுக்கு ஒரு அலை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் தொடையெலும்பைப் பின்னால் இழுக்கிற பெரிய தசையே வாலின் அடியில்தான் தொடங்குகிறது, அதனால் கால் பின்னே போகும்போதெல்லாம் வாலின் அடிப்பகுதிக்கும் அந்த வேலை தெரிய வேண்டும். பக்கவாட்டு ஆட்டம் சைக்கிளுக்கு ஒரு முறை. மேலும் கீழுமான ஆட்டம் ஒவ்வொரு காலடிக்கும் ஒன்று, அதாவது இரண்டு. நுனி சில ஃபிரேம் தாமதமாக வரட்டும். தரையில் மட்டும் இழுபடக் கூடாது, காலடித் தடங்களோடு வால் இழுத்த கோடு கிடைப்பது மிக அரிது.

கோழியைப் பார்த்து வரையலாமே என்பார்கள். பாதத்துக்குச் சரி: தூக்கும்போது விரல்கள் குவிவதும் ஊன்றும்போது விரிவதும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தொடைக்கு வேண்டாம். கோழிக்கு நீண்ட வால் இல்லை, அது தொடையை ஏறக்குறைய கிடையாக வைத்துக்கொண்டு முழங்காலிலிருந்துதான் நடக்கிறது. 2014-ல் சிலி நாட்டு ஆய்வாளர்கள் கோழிகளுக்குக் குஞ்சிலிருந்தே எடை வைத்த குச்சியை வாலாக மாட்டி வளர்த்தார்கள் (ஆமாம், நிஜமாகவே). அவை தொடையைச் செங்குத்தாக இறக்கி, இடுப்பிலிருந்து வீசி நடந்தன. உங்களுக்கு வேண்டியது அந்த நடை.

நடையில் எடை தெரியவில்லை என்றால், இடுப்பு ஏறி இறங்குவதை மென்பொருள் வரைந்து காட்டும் வளைகோட்டைத் திறந்து பாருங்கள். ஏற்றமும் இறக்கமும் ஒரே அளவில் அழகாக வளைந்திருந்தால் உங்கள் டைனோசர் பலூன்தான். பாதம் தரையைத் தொட்ட பிறகும் உடம்பு நாலைந்து ஃபிரேம் கீழே இறங்கிக்கொண்டே இருக்கட்டும், மெதுவாக ஏறட்டும்.

அப்புறம் வழுக்கல். ஒரே இடத்தில் நடக்கும் சைக்கிளில், ஊன்றிய பாதம் மாறாத வேகத்தில் பின்னே போக வேண்டும். அந்த வளைகோடு நேர்கோடாக இல்லாவிட்டால் பனிச்சறுக்குத்தான். ஒரே கால் மறுபடி ஊன்றும் தூரம் 4 மீட்டர், 72 ஃபிரேம் என்றால் மணிக்கு 4.8 கிலோமீட்டர். 2021-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வாலின் ஆட்டத்தை வைத்துக் கணக்கிட்டபோதும் கிட்டத்தட்ட அதே வேகம்தான் வந்தது, 4.6. நாம் காலாற நடக்கிற வேகம்.

கையைப் பற்றி ஒரே வரி: உள்ளங்கை ஒன்றையொன்று பார்க்கட்டும், தரையைப் பார்த்தால் பியானோ வாசிக்கிற மாதிரி இருக்கும்.