நாம் தட்டச்சு செய்வது எங்கெல்லாம் போகிறது என்று சோதித்துப் பார்ப்பது எப்படி?

பெரிய நிறுவனங்கள் நாம் தட்டும் எழுத்துகளை மறைவாகப் பதிவு செய்கின்றனவா என்று கேட்பவர்கள், முதலில் தங்கள் கைப்பேசியின் விசைப்பலகைச் செயலியைப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தி மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் (இடையில் யாரும் படிக்க முடியாதபடி குறியீடாக மாற்றப்பட்டுத்தான்) போகிறது என்றாலும், அந்த மறையாக்கம் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வோர் எழுத்தும் விசைப்பலகையின் கையில் இருக்கிறது. தமிழில் எழுதுவதற்கென்றே தனியாக ஒரு விசைப்பலகையை நிறுவிக்கொள்பவர்கள் நம்மில் ஏராளம் என்பதால், இது நமக்குக் கூடுதலாகவே பொருந்தும்.

ஆண்ட்ராய்டில் புதிய விசைப்பலகையை இயக்கும்போது, கடவுச்சொல், கடன் அட்டை எண் உட்பட நீங்கள் தட்டும் அனைத்தையும் இது சேகரிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வரும். நல்ல செயலிக்கும் மோசமான செயலிக்கும் அதே வாசகம்தான் வருகிறது. ஆகவே அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய், அனுமதிகளின் முழுப் பட்டியலைத் திறந்து, இணைய அனுமதி கேட்கிறதா என்று பாருங்கள். ஹெலிபோர்டு போன்ற திறமூல (நிரலை யாரும் பார்க்கக்கூடிய) விசைப்பலகைகள் அந்த அனுமதியைக் கேட்பதே இல்லை. ஐபோனில் 'முழு அணுகல்' என்ற அனுமதியைக் கொடுக்காதவரை, வெளியார் விசைப்பலகையால் இணையத்தைத் தொட முடியாது. சொற்களை ஊகித்துத் தருவதற்காக மேகச் சேவையகத்தை (இணையத்தில் உள்ள நிறுவனத்தின் கணினியை) நாடும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வகம் 2024இல் ஒன்பது நிறுவனங்களின் சீன மொழி விசைப்பலகைகளை ஆராய்ந்தபோது, எட்டு நிறுவனங்களின் செயலிகளில், தட்டப்படும் எழுத்துகளை வழியிலேயே பிறர் படித்துவிடக்கூடிய ஓட்டைகள் இருந்தன.

கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டு 2017 முதல் வேறொரு முறையைக் கையாள்கிறது: நீங்கள் எழுதுவதிலிருந்து கைப்பேசியே கற்றுக்கொண்டு, கற்றதன் சுருக்கத்தை மட்டும் அனுப்புகிறது. இது மேலான முறை என்றே கருதுகிறேன். அதுவும் வேண்டாம் என்பவர்கள் ஜிபோர்டு அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று, பயன்பாட்டுப் புள்ளிவிவரம் பகிர்வதையும் மேம்பாட்டுக்கு உதவுவதையும் அணைக்கலாம். கற்ற சொற்களை அழிக்கும் வசதியும் ஜிபோர்டில் உண்டு. அழிப்பதற்கு முன் ஓர் எண்ணைக் காட்டி, அதைத் தட்டி உறுதிசெய்யச் சொல்லும்.

கணினியில் இதை நம் கண்ணாலேயே பார்க்கலாம். குரோமில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்ற தாவலைத் திறந்து வைத்துக்கொண்டு, கூகுள் தேடல் பெட்டியில் 'சென்னை மழை' என்று மெதுவாகத் தட்டுங்கள். என்டர் அழுத்துவதற்கு முன்பே, எழுத்துக்கு எழுத்து புதிய வரிகள் வந்து விழும்; தட்டியது கூகுளுக்குப் போவதையே அவை காட்டுகின்றன. பரிந்துரைகள் அப்படித்தான் கிடைக்கின்றன. இதே சோதனையை ஏதாவதொரு வணிகத் தளத்தின் படிவத்திலும் செய்து பாருங்கள்: மின்னஞ்சல் முகவரியைத் தட்டிவிட்டு, அனுப்பாமல் நிறுத்தி, அந்த முகவரி வேறு சேவையகத்துக்குப் போகிறதா என்று கவனியுங்கள். ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2022இல் 1,00,000 தளங்களைச் சோதித்ததில், அமெரிக்காவிலிருந்து திறந்தபோது 2,950 தளங்களிலும், ஐரோப்பாவிலிருந்து திறந்தபோது 1,844 தளங்களிலும், 'அனுப்பு' பொத்தானை அழுத்தும் முன்னரே முகவரி கண்காணிப்பு நிறுவனங்களுக்குப் போயிருந்தது. பயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற, கண்காணிப்பு நிரல்களைத் தடுக்கும் நீட்சியை (உலாவியில் சேர்க்கும் துணைச் செயலியை) நிறுவுவது இதற்கு நல்ல தடுப்பு.

குரோமின் எழுத்துப்பிழைத் திருத்தியையும் விட்டுவிடக் கூடாது. மேம்பட்ட வகையைத் தேர்ந்திருந்தால், தட்டும் உரை கூகுளுக்குச் செல்லும். கடவுச்சொல்லைக் காட்டும் கண் சின்னத்தை அழுத்தினால் சில தளங்களில் கடவுச்சொல்லும் சேர்ந்து போனதாக 2022இல் தெரியவந்தது. அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குச் சென்று அடிப்படை வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சமூக ஊடகச் செயலிக்குள்ளேயே திறக்கும் பக்கங்களில் அந்தச் செயலி, நீங்கள் தட்டுவதைக் கவனிக்கக்கூடிய தன் நிரலைச் செருக முடியும் என்பதால், வங்கி, கட்டணம் தொடர்பான இணைப்பு எதுவானாலும், மூன்று புள்ளிப் பட்டியலில் வெளி உலாவியைத் தேர்ந்து அங்கே திறந்த பிறகே விவரங்களைத் தட்டுங்கள்.