கம்பி இழையை வைத்து ஒளியின் அலைநீளம் அளப்பது

‘ஒளி அலையா?’ என்று கேட்டால் சோதனை அமையாது. இப்படிக் கேளுங்கள்: லேசரின் குறுக்கே நிற்கும் கம்பி மெலிந்தால், திரையில் வெளிச்சமும் இருட்டுமாக விழும் கோலம் குறுகுமா, விரியுமா? ஒளி நேராக மட்டும் போகுமென்றால் நிழல் குறுக வேண்டும். அலையென்றால் கோலம் விரிய வேண்டும். ராமேசுவரம் அருகே மண்டபம் ஊர்க் கடற்கரையில் இதன் சாயலைப் பார்க்கலாம்: கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தடுப்பான தூண்டில் வளைவுக்குப் பின்னால் தண்ணீர் அடங்கிக் கிடக்கும், கடலில் நட்ட ஒற்றைக் கம்பத்தையோ அலை சுற்றிக்கொண்டு போய்விடும்.

வேண்டியவை: 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், ஒயரை உரித்தெடுத்த செம்பு இழை, ஓட்டை போட்ட அட்டை, லேசர் பொத்தானை அழுத்திப் பிடிக்கத் துணிக் கிளிப், வெள்ளைத்தாள். தங்கூசி நரம்பு (மீன்பிடிக்கும் நைலான் இழை) கைக்கெட்டும் பொருள்தான், ஆனால் வேண்டாம். ஒளி அதற்குள்ளேயே புகுந்து வளைந்து கோலத்தைக் குழப்பிவிடும்.

இழையின் தடிமனில்தான் பலரும் சறுக்குவார்கள். திருகு அளவியின் மீச்சிற்றளவு, அதாவது அதனால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, 0.01 மி.மீ.; 0.2 மி.மீ. இழையில் அதுவே 5 சதவீதம். பென்சிலில் 20 சுற்று நெருக்கிச் சுற்றி, மொத்த அகலத்தை அளந்து 20ஆல் வகுங்கள். 4 மி.மீ. வந்தால் தடிமன் 0.2.

இழையை அட்டை ஓட்டையின் மேல் நெட்டுக்குத்தாக விறைப்பாக ஒட்டுங்கள். 4 மீட்டர் தள்ளித் திரை. கோலம் படுக்கைவாட்டில் விழும். நடுப்புள்ளி கண்ணைக் கூசும், அதனால் இருட்டுப் புள்ளிகளையே எண்ணுங்கள்; அடுத்தடுத்த இரண்டு இருட்டுப் புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் இடைவெளி. இடப்பக்க ஐந்தாவதிலிருந்து வலப்பக்க ஐந்தாவது வரை அளந்து 10ஆல் வகுக்க வேண்டும். ஒற்றை இடைவெளியை அளந்தால் பென்சில் கோட்டின் அகலமே பிழையாகிவிடும். 130 மி.மீ. வந்தால் ஓர் இடைவெளி 13. அலைநீளம் = தடிமன் × இடைவெளி ÷ தூரம்: 0.2 × 13 ÷ 4000 = 0.00065 மி.மீ., அதாவது 650 நானோமீட்டர். 2, 3 மீட்டரிலும் அளந்து, தூரத்துக்கு எதிரே இடைவெளியைக் குறித்து வரைபடம் போடுங்கள். சுழிப்புள்ளி (0,0) வழியே நேர்கோடு வர வேண்டும். வராவிட்டால் தூரத்தை லேசரிலிருந்து அளந்திருப்பீர்கள். இழையிலிருந்து அளக்க வேண்டும்.

உப்புக்காற்று லேசர் கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படியும்; புள்ளியைச் சுற்றி மங்கல் வளையம் தெரிந்தால் காய்ச்சி வடித்த நீர் தொட்ட பஞ்சால் துடையுங்கள். செம்பு பச்சை பூக்கும், அன்றன்று புது இழை உரியுங்கள். கடற்காற்றில் இழை அதிரும், மணல்வெளியின் வெளிச்சமும் உள்ளே வரும், ஜன்னலைச் சாத்துங்கள். திரை கண்மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும்.

கடைசியாக, அதே அட்டையில் இழைக்குப் பதில் ஒரு தலைமுடி. லேசரைப் போடுமுன் கோலம் விரியுமா குறுகுமா என்று மாணவர் நோட்டில் எழுதிவிட வேண்டும். முடி 0.07 மி.மீ. இருந்தால், அதே 4 மீட்டரில் இடைவெளி 37 மி.மீ. ஆகும்.