பழைய காரின் கியர்பாக்ஸ் பின் ஆயில் சீல் மாற்றுவது எப்படி?

புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு) கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் ஆயில் சொட்டினால், பெரும்பாலும் பின் சீல் போயிருக்கும். கியர்பாக்ஸை இறக்காமலே மாற்றலாம். யோக் (ஷாஃப்டின் முன் முனையில் இருக்கும் குழாய் போன்ற பகுதி) சறுக்கி உள்ளே நுழையும் வகைக்குத்தான் இந்த முறை. ஃப்ளாஞ்சை (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு) நட்டு போட்டு முடுக்கியிருக்கும் வகைக்கு வேலை வேறு.

1. முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஆயிலையும் மாற்றப் போகிறீர்களா? வடிக்கும் முன் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது கழல மறுத்தால் வண்டி அங்கேயே நிற்கும்.

2. டிஃபரென்ஷியல் (பின் அச்சின் நடுவில் இருக்கும் கியர் பெட்டி) பக்கம் இரண்டு ஃப்ளாஞ்சிலும் ஒரே நேர்கோட்டில் அடையாளம் போட்டுவிட்டு ஷாஃப்டைக் கழற்றுங்கள். மாற்றி மாட்டினால் அதிர்வு வரலாம். யோக்கை உருவும்போது கீழே ஒரு தட்டு இருக்கட்டும்.

3. பழைய சீலை எடுக்கக் கொக்கி வைத்த சீல் புல்லர்தான் என் தேர்வு. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் சீல் உட்காரும் சுவரில் கீறல் விழும்; பிறகு புது சீலின் வெளிப்பக்கம் வழியாகவே ஆயில் வரும்.

4. இனிதான் முக்கியமான வேலை. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். யோக்கைத் துடைத்து, சீலின் உதடு உரசும் இடத்தில் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். பளபளப்பாக ஒரு வளையம் மட்டும் தெரிந்து நகம் வழுக்கிப் போனால் கவலையில்லை. நகம் தட்டி நின்றால் அது பள்ளம். எத்தனை புது சீல் போட்டாலும் அந்தப் பள்ளம் வழியாக ஆயில் கசியும். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், விட்டம்தான் குறையும். மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஒன்றை அதன் மேல் ஏற்றலாம், இல்லையென்றால் யோக்கையே மாற்றலாம். அப்புறம், யோக்கை உள்ளே விட்டு மேலும் கீழும் ஆட்டுங்கள். நன்றாகவே ஆடினால் உள்ளே யோக்கைத் தாங்கும் புஷ் (உலோக வளையம்) தேய்ந்திருக்கிறது. அதையும் மாற்றாமல் சீல் நிலைக்காது.

5. புது சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலை நோக்கி உள்ளே போக வேண்டும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். சீலின் வெளி விட்டத்துக்குச் சற்றே சிறிய குழாயை வைத்து, சுற்றிலும் சமமாக இறங்கும்படி தட்டுங்கள். நேராகச் சுத்தியலால் அடித்தால் சீல் கோணிக்கொள்ளும்.

6. யோக்குக்கும் ஆயில் பூசி, சீலின் உதடு மடங்காமல் மெதுவாக நுழைத்து, அடையாளம் பார்த்து மாட்டுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் துளையின் விளிம்பு வரை ஆயில் விடுங்கள். கையேடு சொல்லும் ஆயிலே போதும். பித்தளை சின்க்ரோ வளையம் (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்துவது) உள்ள பழைய கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஆயிலை (கடும் அழுத்தம் தாங்கும் கியர் ஆயில் தரம்) யோசிக்காமல் ஊற்றாதீர்கள்; சில வகைகள் பித்தளையைப் பாதிக்கலாம்.

பிற்சேர்க்கை: எல்லாம் சரியாகச் செய்தும் கசிகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். கியர்பாக்ஸின் மேலே இருக்கும் பிரீதரை (உள்ளே இருக்கும் காற்று வெளியேறும் சிறு வழி) பாருங்கள். அது அழுக்கால் அடைத்திருந்தால், சூடேறியதும் உள்ளே அழுத்தம் கூடி ஆயிலை சீல் வழியாக வெளியே தள்ளும். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, ஊதினால் காற்று போகிறதா என்று பார்த்து மாட்டுங்கள்.