ஒத்தப் பாட்டுக்காரர்களை வரிசைப்படுத்துவது எப்படி? ஒரு டீக்கடைச் செய்முறை

ஒரே ஒரு பாட்டில் ஊரையே கலக்கிவிட்டு, அப்புறம் சத்தம் காட்டாமல் போய்விட்டவர்கள் இருக்கிறார்கள். ‘ஒன் ஹிட் வொண்டர்’ என்பார்கள். மதுரை சிம்மக்கல் பக்கம் நாங்கள் ஞாயிறு சாயங்காலம் கூடும் டீக்கடையில் அவர்களுக்குப் பெயர் ஒத்தப் பாட்டுக்காரர்கள். இவர்களில் யார் முதல், யார் இரண்டாவது என்று வரிசை போடுவதுதான் எங்கள் பொழுதுபோக்கு.

முதல் இரண்டு மாதம் வெறும் கத்தல்தான். ஒருவன் பாடகரைச் சொல்வான், இன்னொருவன் இசையமைப்பாளரைச் சொல்வான், மூன்றாமவன் ஹீரோவைச் சொல்வான். மூன்று பேரும் வேறு வேறு விஷயத்துக்குச் சண்டை போடுகிறோம் என்பது புரிவதற்குள் டீக்கணக்கு ஏறிவிட்டது. அதன் பிறகு விதிகள் எழுதினோம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எங்களைப் போல் காசை விரயம் செய்ய வேண்டாம்.

தேவையானவை

40 பக்க நோட்டு ஒன்று, பேனா, நாலைந்து ஆட்கள். அதில் ஒருவராவது 60 வயதைத் தாண்டியவராக இருக்க வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் மைக்செட் மாமா. மதுரையைச் சுற்றி முப்பது வருடம் கோயில் கொடைக்கும் காதுகுத்துக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியவர். எந்தப் பாட்டை மக்கள் மறுபடி போடச் சொன்னார்கள், எந்தப் பாட்டுக்கு எழுந்து போனார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

கைபேசிகளை முதல் ஒரு மணி நேரம் மேசையில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். தேடிப் பார்த்துச் சொல்கிறவன் விவாதத்தைக் கொன்றுவிடுவான்.

படி 1: எது ஹிட்?

அமெரிக்காக்காரர்களுக்கு இது சுலபம். எந்தப் பாட்டு எத்தனையாவது இடம் என்று வாராவாரம் சொல்லும் பில்போர்டு பட்டியல் இருக்கிறது. அதில் முதல் 40 இடத்துக்குள் ஒரே ஒரு முறை வந்தவர் ஒன் ஹிட் வொண்டர் என்பது அங்கே பரவலான கணக்கு. ‘மகரேனா’ பாட்டு 1996-ல் அந்தப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. பாடிய லாஸ் டெல் ரியோ இருவரும் ஸ்பெயின்காரர்கள், அதற்கு முன்பே பல வருடம் பாடிக்கொண்டிருந்தவர்கள். அமெரிக்காவுக்கு அவர்கள் அந்த ஒரு பாட்டு மட்டும்தான்.

நமக்கு அப்படி எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பட்டியல் கிடையாது. அதனால் நாங்கள் தெருவைத்தான் நம்புகிறோம். மேலூர், உசிலம்பட்டி போகிற பஸ்ஸில் ஓடியிருக்க வேண்டும். கோயில் குழாயிலோ கல்யாண மண்டபத்திலோ ஒலித்திருக்க வேண்டும். பாட்டு தெரியாது என்று சொல்கிறவர்கூட மெட்டைப் பாதி முனக வேண்டும். மூன்றில் இரண்டு தேறினால் ஹிட்.

படி 2: பாட்டு யாருடையது?

சினிமாப் பாட்டில் இதுதான் பெரிய சிக்கல். பாடியவர், மெட்டுப் போட்டவர், எழுதியவர், திரையில் வாயசைத்தவர் என்று ஒரு பாட்டுக்கு நாலு சொந்தக்காரர்கள். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று நோட்டில் முதலில் எழுதிவிடுங்கள்.

‘கண்கள் இரண்டால்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். 1980-ன் மதுரையைக் காட்டிய ‘சுப்ரமணியபுரம்’ படம் 2008-ல் வந்தது. ஜேம்ஸ் வசந்தனுக்கு இசையமைப்பாளராக அதுதான் முதல் படம். அவரை ஒத்தப் பாட்டுக்காரர் என்று சொல்லிவிட முடியுமா? ‘நாணயம்’ படத்தில் ‘நான் போகிறேன் மேலே மேலே’ இருக்கிறது, ‘ஈசன்’ படத்தில் ‘ஜில்லா விட்டு’ இருக்கிறது. அவர் பெயரை அடித்துவிடலாம். எழுதிய தாமரையைப் பற்றிப் பேச்சே இல்லை. பாடிய பெல்லி ராஜும் தீபா மிரியமும்தான் நம் நோட்டுக்கு உரியவர்கள். நாங்கள் பெல்லி ராஜ் குரலை எடுத்துக்கொண்டோம்.

இன்னொரு வழக்கு ‘வி.ஐ.பி.’, 1997. இசை ரஞ்சித் பாரோட். ‘மின்னல் ஒரு கோடி’ இன்றும் ராத்திரி பஸ்ஸில் ஓடுகிறது. தமிழில் அவர் பெயரைச் சொன்னால் அந்தப் படம்தான் ஞாபகம் வரும். ஆனால் அதில் ஒன்றுக்கு மேற்பட்ட பாட்டு ஓடியதே என்று ஒருவன் மறித்தான். ஒத்தப் படக்காரர் வேறு, ஒத்தப் பாட்டுக்காரர் வேறு என்று முடிவானது. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை, ஓட்டில் தோற்றேன்.

படி 3: எந்த ஊர்க் கணக்கு?

‘சுராங்கனி’யை நம் ஊரில் கேட்காதவர் குறைவு. அதைப் பரப்பிய ஏ.ஈ. மனோகரனை இங்கே சிலோன் மனோகர் என்பார்கள், படங்களில் நடிகராகவும் பார்த்திருக்கிறோம். பாட்டு என்றால் அந்த ஒன்றுதான். இலங்கையில் போய் அவரை ஒத்தப் பாட்டுக்காரர் என்று சொல்லிப் பாருங்கள், டீ கூட வாங்கித் தர மாட்டார்கள். அங்கே அவர் பைலா என்கிற ஆட்டப் பாட்டிலும் பொப் இசையிலும் கொடிகட்டியவர். எனவே பெயருக்குப் பக்கத்தில் ஊரையும் எழுதுங்கள். எங்கள் நோட்டில் ‘மதுரைக் கணக்கு’ என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

படி 4: ஆறப் போடுங்கள்

பத்து வருடம் ஆகாத பாட்டை நோட்டில் ஏற்றாதீர்கள். 2011 கடைசியில் ‘கொலவெறி’ உலகம் சுற்றியபோது, இந்தப் பையன் இதோடு சரி என்று சொன்னவர்கள் எங்கள் கடையிலேயே உண்டு. அனிருத் அதற்கப்புறம் என்ன செய்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

படி 5: இரண்டாவது பாட்டுச் சோதனை

செய்முறையின் உயிர் இந்தப் படிதான். மேசையில் உட்கார்ந்திருக்கும் நாம் எல்லோரும் பாட்டுப் பைத்தியங்கள், நம் ஞாபகத்தை நம்பக் கூடாது. வெளியே போய் ஐந்து பேரிடம் கேட்க வேண்டும். பாட்டை 20 நொடி போட்டுக் காட்டி, “இந்தக் குரலை வேற எந்தப் பாட்டுல கேட்டிருக்கீங்க?” என்று மட்டும் கேளுங்கள். பாடகர் பெயரைக் கேட்காதீர்கள். எஸ்.பி.பி., ஜானகி தவிர வேறு பெயர் சொல்லத் தெரியாமல் பாதிப் பேர் சங்கடப்படுவார்கள். சரியாக ஒரு பாட்டைச் சொல்ல முடியாதவர் ஒவ்வொருவருக்கும் 2 மதிப்பெண். ஐந்து பேரும் கையை விரித்தால் 10. இதற்கு ‘தனிமை’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

‘கண்கள் இரண்டால்’ பாட்டுக்கு முதலில் கேட்டது கடைக்கு எதிரே பூக்கட்டும் அக்காவிடம். கைபேசியைக் காதோரம் நீட்டினேன். கை நிற்கவில்லை, மல்லிகையை இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு வைத்து நூலைச் சுண்டிக்கொண்டே கேட்டார்.

“ஜெய் பாட்டு.”

“பாடினவர் குரலு, அக்கா. வேற எதுலயாவது கேட்ட மாதிரி இருக்கா?”

ஒரு கண்ணி முடிகிற வரை யோசித்தார். “இல்லப்பா. ஆனா இதையே இன்னொருவாட்டி போடு.”

ஆட்டோ அண்ணன், ஜெராக்ஸ் கடைப் பெண், டீ மாஸ்டர், டியூஷன் முடிந்து வந்த பையன் எல்லோருக்கும் அதே கதை. முழு 10.

இந்தச் சோதனை இல்லாமல் நான் ஒருமுறை மூக்குடைபட்டேன். 1992-ல் ‘சின்னச் சின்ன ஆசை’ பாடிய மின்மினியை முதல் இடத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டேன். மைக்செட் மாமா டீயைக் கீழே வைக்காமல் ‘பச்சக்கிளி பாடும்’ என்று ‘கருத்தம்மா’ பாட்டை முனகினார். “இது யாரு மாப்ள, ஒங்க பெரியம்மாவா?” என்றார். அடிக்கோடு இன்றும் நோட்டில் இருக்கிறது, பெயர் மேல் குறுக்குக்கோடும் இருக்கிறது.

வெளிநாட்டுப் பட்டியல்களிலும் இதே தவறு நடக்கிறது. வெனிலா ஐஸ் என்ற அமெரிக்க ராப் பாடகர் என்றால் ‘ஐஸ் ஐஸ் பேபி’ மட்டும் என்று எழுதிவிடுவார்கள். அடுத்து வந்த ‘பிளே தட் ஃபங்கி மியூசிக்’ அதே பில்போர்டில் 4-ஆம் இடம் வரை ஏறியது.

படி 6: மதிப்பெண்

மூன்றே கட்டம். பரவலுக்கு 10, ஆயுளுக்கு 10, தனிமைக்கு 10. தனிமையை மட்டும் இரண்டால் பெருக்குங்கள். மொத்தம் 40. பரவல் என்பது பாட்டு எத்தனை விதமான ஆட்களைத் தொட்டது என்பது. ஆயுள் என்பது இன்றைக்குப் போட்டால் எத்தனை தலை ஆடும் என்பது. இந்த இரண்டும் மேசையின் சராசரி, சண்டை வரத்தான் செய்யும்.

‘கண்கள் இரண்டால்’ பரவல் 9, ஆயுள் 8, தனிமை 20. மொத்தம் 37.

‘சுராங்கனி’ 8, 9, 16. மொத்தம் 33.

‘அமரன்’ படத்தில் நடிகர் கார்த்திக்கே பாடிய ‘வெத்தல போட்ட சோக்குல’, 1992. ஆதித்யன் இசை. 7, 7, 16, ஆக 30. பரவலுக்கு 9 கொடுக்கச் சொல்லி ஒருவன் எழுந்து ஆடியே காட்டினான். ஆட்டத்துக்குத் தனி மதிப்பெண் இல்லை.

படி 7: சண்டை

மதிப்பெண் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்தடுத்த இடத்தில் இருக்கும் இரண்டு பாட்டுகளை எடுத்து, இரண்டு பேரை மோதவிடுங்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். ‘எனக்குப் பிடிக்கும்’ என்ற சொல்லுக்கு அனுமதி கிடையாது. மற்றவர்கள் கை தூக்கினால் இடம் மாறலாம். தோற்றவர் விளக்குத்தூண் போய் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கித் தர வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் இப்படி மோதினால் விடிந்துவிடும், முதல் ஐந்து இடத்துக்கு மட்டும் போதும்.

இந்தப் படியில்தான் கர்நாடக சங்கீதப் பாடகர் மதுரை சோமுவின் பெயர் வந்தது. 1972-ல் வந்த ‘தெய்வம்’ படம், குன்னக்குடி வைத்தியநாதன் இசை, கண்ணதாசன் வரி, ‘மருதமலை மாமணியே’. கோயில் குழாயில் அந்தக் குரல் கேட்காமல் இங்கே ஒரு முருகன் விசேஷம் நடக்காது. விதிப்படி போட்டால் பரவல் 9, ஆயுள் 10, ஐந்தில் நாலு பேருக்கு வேறு பாட்டு தெரியவில்லை, அதனால் 16. மொத்தம் 35, இரண்டாம் இடம்.

எழுதப் போனேன். மாமா நோட்டின் மேல் கையை வைத்துவிட்டார்.

“கச்சேரி மேடையில ராத்திரி பூரா உட்கார வச்சவருடா அவரு. அவரப் போயி ஒத்தப் பாட்டுன்னு எழுதுவியா? விடியக்காலம் சீர்காழி விநாயகனேவை வச்சுட்டு அடுத்த தட்டா இதத்தான் எடுப்பேன். எத்தன ஊர்ல!”

அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் விதியும் நாங்களே எழுதியது. இதே தொல்லை அமெரிக்காவிலும் உண்டு. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அங்கே முதல் 40-க்குள் வந்தது ஒரே பாட்டில்தான், 1968-ல் 20-ஆம் இடம். கிதார் என்றாலே அவரைச் சொல்கிற ஆட்களிடம் போய் அவர் ஒன் ஹிட் வொண்டர் என்றால் அடிக்க வருவார்கள்.

நான் ஒரு வழி சொன்னேன். நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து ‘விருந்தாளிகள்’ என்று ஒரு தனி வரிசை. வேறு இடத்தில் சொந்த வீடு இருந்து, சினிமாவுக்கு ஒரு நாள் வந்து போனவர்களுக்கு அது. மதுரை சோமு அங்கே முதலிடம். அதே ‘தெய்வம்’ படத்தில் ‘குன்றத்திலே குமரனுக்குக் கொண்டாட்டம்’ பாடிய பெங்களூர் ரமணியம்மாள் இரண்டாமிடம், திருப்பரங்குன்றம் நமக்குப் பக்கம் என்பதால் அரை மதிப்பெண் கூடப் போட்டோம். நடிப்பு வீட்டிலிருந்து வந்த கார்த்திக்கையும் அங்கே மாற்றினோம். மாமா கையை எடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு வடை தின்கிற நேரம்கூட நிற்கவில்லை அந்தப் பெருமை. “அப்ப சிலோன் மனோகருக்கு இலங்கையில வீடு இல்லையா?” என்று மூலையிலிருந்து ஒரு குரல். அவரையும் பின்பக்கம் தள்ளினால் மதுரைக் கணக்கு என்ற மூன்றாம் படி அடிபடும். தள்ளாவிட்டால் சோமுவுக்கு ஒரு நீதி, மனோகருக்கு ஒரு நீதி. கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி உள்ளே வைக்கிற வரை பேசினோம், கை தூக்கினால் இரண்டுக்கு இரண்டு. மாமா மட்டும் ஓட்டுப் போடாமல் ‘சுராங்கனி’க்கு மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்.

நோட்டில் முன்பக்கம் இரண்டாம் இடம் இப்போது காலி. பென்சிலால் ‘சுரா?’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.