உங்கள் ட்வார்ஃப் எப்படிப் பேசுவார்? ரோல்பிளே கேரக்டருக்குப் பேச்சு வழக்கு அமைப்பது எப்படி

ஆன்லைன் ஃபேன்டஸி ரோல்பிளேயில், அதாவது ஆளுக்கொரு கற்பனைக் கேரக்டராகப் பேசிச் சேர்ந்து கதை வளர்க்கும் விளையாட்டில், புதிதாக நுழைகிறவர்கள், கேரக்டருக்கு வித்தியாசமான பேச்சு வேண்டும் என்றதும் எழுத்துப்பிழையில்தான் ஆரம்பிப்பார்கள். ல-வை ள ஆக்குவது, மெய்யெழுத்தை மூன்று முறை போடுவது, இப்படி. தமிழில் இது சரிப்படாது. உங்கள் ஆர்க் (ஃபேன்டஸிக் கதைகளில் வரும் முரட்டுப் போர் இனம்) "பாளம் ஒடஞ்சிருச்சு" என்றால், பாலம் போனதா, தங்கப் பாளம் ஏதாவது கிடைத்து அது உடைந்ததா என்று அடுத்து எழுத வேண்டியவர் விழிப்பார். தவிர, நம் எழுத்தில் ஒரே 'க'தான் இடத்துக்கு ஏற்ப மூன்று விதமாக ஒலிக்கிறது. அழுத்தி உச்சரிக்கிறார், மென்மையாக உச்சரிக்கிறார் என்பதையெல்லாம் எழுத்தை மாற்றிக் காட்ட வழியே இல்லை. வழக்கை இலக்கணத்தில் வையுங்கள். படிக்கவும் எளிது, மறக்கவும் மறக்காது.

படி 1: இவருக்கு இது தாய்மொழியா?

இதை முதலில் முடிவு செய்யுங்கள். கதையின் பொதுமொழியைப் பிறகு கற்றுக்கொண்டவர் என்றால் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவார், பழமொழியைத் தப்பாகச் சொல்வார், திட்டுவதற்கு மட்டும் சொந்த மொழிக்குப் போய்விடுவார். அதே மொழிதான், ஆனால் வேறு ஊர்க்காரர் என்றால் சரளமாகப் பேசுவார். சொற்களும் வினைமுடிவுகளும்தான் மாறும். இரண்டையும் கலந்து ஒரே ஆளிடம் போட்டால் போலியாகத் தெரியும்.

படி 2: மூன்றே விதி

மூன்றுக்கு மேல் வைத்தால் இரண்டாவது வாரமே உங்களுக்கு மறந்துவிடும். அதில் ஒன்றாவது இலக்கண விதியாக இருக்கட்டும். தமிழில் இதற்கு அருமையான சாமான்கள் இருக்கின்றன.

திணையை எடுத்துக்கொள்ளுங்கள். ட்வார்ஃபுக்கு (மலைக்குள் சுரங்கம் தோண்டி வாழும் குள்ள இனம்) கல்லும் இரும்பும் உயர்திணை என்று வைத்தால்? "பாலம் உடைந்துவிட்டது, வேறு வழியில் போகலாம்" என்பதை அவர் இப்படிச் சொல்வார்:

"பாலம் செத்துட்டான். பாவம், வயசானவன். வேற பாதை எங்கயாவது இருப்பான், வாங்க."

ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. ஆனால் இவர் கல்லோடு வளர்ந்த ஆள் என்று சொல்லாமலே தெரிந்துவிட்டது. கோப்ளினுக்கு (தந்திரக்காரக் குட்டி இனம்) இதைத் திருப்பிப் போடுங்கள், எல்லோருமே அஃறிணை: "ராஜா வந்துச்சு. அழுவுது. நமக்கென்ன?"

எல்ஃபுக்கு (காட்டில் வாழும் நீண்ட ஆயுள் இனம்) எனக்குப் பிடித்தது 'நாம்', 'நாங்கள்' வித்தியாசம். உங்கள் எல்ஃப் தன் இனத்தை மட்டுமே சேர்த்துப் பேசட்டும்: "பாலம் உடைந்துவிட்டது. தாங்கள் ஆற்றைச் சுற்றி வாருங்கள். நாங்கள் மரங்களின் மேல் வருகிறோம்." பல வாரம் கழித்து, ஒரு சண்டை முடிந்த இரவில், முதல்முறையாக "இனி நாம் எங்கே போவது?" என்று கேட்கட்டும். கவனித்துப் படிக்கிற குழுவாக இருந்தால் அந்த ஒரு சொல்லுக்கே பத்து பதில் வரும்.

ஒலி விதியும் வேண்டும் என்றால், படிக்கத் தடையாகாத ஒன்றை எடுங்கள். ஷ, ஜ, ஸ வராத நாக்கு என்று வைத்தால் "விசம்", "ராசா" என்று வரும். நிஜத்திலேயே காதில் விழுகிற ஒலிகள் என்பதால் யாரும் தடுமாற மாட்டார்கள்.

படி 3: யாரை எப்படி அழைப்பார்?

நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று நான்கு படி கையில் இருக்கிறது. தளபதியை "நீ" என்றும் குதிரையை "நீங்கள்" என்றும் அழைக்கிற ஒருவரை யோசித்துப் பாருங்கள், பாதிக் கதை கிடைத்துவிடும். யாருக்கு எது என்று கேரக்டர் ஷீட்டிலேயே (கேரக்டரைப் பற்றிய விவரக் குறிப்பு) எழுதிவிடுங்கள். நடுவில் காரணமில்லாமல் மாறினால், உங்களுக்கு முன்பே மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். காரணத்தோடு மாறினால் அதுவே ஒரு காட்சி.

படி 4: எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது

வர்ணனை எப்போதும் சாதாரண எழுத்துத் தமிழில் இருக்கட்டும். வழக்கு மேற்கோள் குறிக்குள் மட்டும். நிஜ மனிதர்களைப் போலவே உங்கள் கேரக்டரும் ஊர்க்காரரைப் பார்த்தால் கொச்சை கூடும், அரசவையில் குறையும். அந்நியமொழிக்காரர் பயந்தால் வாக்கியம் இன்னும் சுருங்கும். நீளமான போஸ்ட் என்றால் முதல் இரண்டு வரியில் அழுத்தமாகக் காட்டிவிட்டு அப்புறம் லேசாகத் தொட்டுப் போனால் போதும். துப்பு, வழி, மந்திரச் சொல் மாதிரி கதைக்கு அவசியமான தகவலை மட்டும் தெளிவாகவே சொல்லவையுங்கள்.

ஓஓசி-யில், அதாவது கேரக்டரை விட்டு வெளியே வந்து பேசும்போது, உங்கள் சொந்தப் பேச்சுக்கு வந்துவிடுங்கள். அங்கேயும் கோப்ளினாகவே பேசுகிறவரை யாருக்கும் பிடிக்காது.

வாய்ஸ் சாட்டில் ஆடுகிறீர்களா? தொண்டையை மாற்றாதீர்கள், ஒரு மணி நேரம் தாங்காது. வேகத்தையும் நிறுத்தத்தையும் மாற்றினால் போதும்.

ஒரு எச்சரிக்கை

கொங்கோ நெல்லையோ சென்னையோ, மனிதர்கள் நிஜமாகப் பேசுகிற வழக்கை அப்படியே தூக்கி முட்டாள் ஆர்க்கின் வாயில் வைக்காதீர்கள். ஒரு சாதியின் பேச்சு என்று அடையாளம் தெரிகிற எதையும் சுத்தமாகத் தவிருங்கள். குழுவில் அப்படிப் பேசி வளர்ந்த ஒருவர் இருப்பார், சிரித்துக்கொண்டே விலகிப் போய்விடுவார். உங்கள் சொந்த ஊர் வழக்கில் வீரனும் அறிஞனும் கள்வனும் பேசினால் அது வேறு கதை, தாராளமாக எழுதலாம்.

படி 5: சோதனை

டிஸ்கார்டு என்ற சாட் செயலியில் டப்பர்பாக்ஸ் போன்ற பாட் (தானாக இயங்கும் நிரல்) வைத்து ஒவ்வொரு கேரக்டருக்கும் தனிப் பெயரும் படமும் கொடுத்துவிடலாம் என்பதால், யார் பேசுகிறார் என்பது தானாகத் தெரியும். அதை நம்பிவிடாதீர்கள். உங்கள் இரண்டு கேரக்டர்களின் வசனங்களைப் பெயர் இல்லாமல் ஒரு நோட்டில் ஒட்டி மறுநாள் படியுங்கள். எது யாருடையது என்று உங்களுக்கே குழம்பினால் படி 2-க்குத் திரும்புங்கள்.

போன் கீபோர்டு "இருப்பான்" என்பதைத் தொடாது. "விசம்" என்று அடித்தால் "விஷம்" ஆக்கப் பார்க்கலாம். அடிக்கடி வரும் வழக்குச் சொற்களைக் கீபோர்டின் தனிப்பட்ட அகராதியில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் தானாகத் திருத்துவதை அணைத்துவிடுங்கள்.