கண்ணில் வேறு நோயும் உள்ள முதியவருக்கு வெண்புரை ஒப்பரேசன்: முடிவெடுக்கும்போது விடும் பிழைகள்

"பக்கத்து வளவு ஆச்சி ஒப்பரேசன் செய்து கொஞ்ச நாளிலயே ஊசி கோக்கிறா, எங்கட அப்புவுக்கும் செய்தால் தெரியும்தானே?" வன்னியில் அதிகம் பிழைப்பது இந்தக் கணக்குத்தான். ஆச்சிக்கு இருந்தது வெண்புரை மட்டும். அப்புவுக்கோ பல வருடச் சீனி வருத்தம்; அது கண்ணின் பின்னாலுள்ள விழித்திரையையும் கெடுத்திருக்கலாம். மங்கலில் புரையின் பங்கு எவ்வளவு, விழித்திரையின் பங்கு எவ்வளவு என்று கேட்காமலே நாள் குறித்துவிட்டு, பிறகு வைத்தியரைக் குறை சொல்கிறோம். "டொக்டர், புரையை எடுத்தால் இவருக்கு எவ்வளவு தெரியும்?" என்று கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள்.

சீனியால் விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியிருந்தால் பெரும்பாலும் அதற்குத்தான் முதலில் வைத்தியம். இல்லாவிட்டால் ஒப்பரேசனுக்குப் பின் வீக்கம் கூடக்கூடும். குளுக்கோமாவால், அதாவது கண் நரம்பு கெடும் நோயால், போன பார்வை திரும்பாது. குளுக்கோமாவுக்கு விடும் சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது. வயதால் நடுப்பார்வை தேய்ந்தவர் புரை எடுத்த பிறகும் பேப்பர் வாசிக்க முடியாமல் இருக்கலாம். ஆனால் வாசற்படியும் கிணற்றுக்கட்டும் தெரிந்தால் விழாமல் நடப்பார். அதனால் "வேற நோய் இருக்கு, செய்து பயனில்லை" என்று கைவிடுவதும் பிழைதான்.

"நல்லா முத்தட்டும்" என்பது பழைய காலத்துப் பேச்சு. முற்றினால் புரை இறுகி, எடுப்பது சிரமமாகும். பின்னாலுள்ள விழித்திரையையும் பார்க்க முடியாது. வைத்தியர் அவசரம் என்று சொல்லாதவரை, அறுவடை முடியட்டும், வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கல் போகட்டும் என்று கொஞ்சம் தள்ளுவது வேறு. சூடடிக்கிற தூசுக்குள் புதிதாக ஒப்பரேசன் செய்த கண்ணோடு நிற்பதைவிட அது நல்லது.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு பிழை உண்டு: யுத்தத்தில் கண்ணில் பட்ட காயத்தைப் பழைய கதை என்று சொல்லாமல் விடுவது. அடிபட்ட கண்ணில், புரை படரும் வில்லையைத் தாங்கும் நார்கள் தளர்ந்திருக்கலாம். செல் துண்டு உள்ளே இருக்கலாம் என்றால் காந்தத்தால் படம் பிடிக்கும் எம்ஆர்ஐ எடுக்கும் இடத்திலும் சொல்லியாக வேண்டும். சலம் போகக் கஷ்டம் என்று டாம்சுலோசின் குளிசை குடித்தவர், அதை நிறுத்தியிருந்தாலும் சொல்லட்டும். ஒப்பரேசனில் கண்மணி சரியாக விரியாமல் போகலாம். கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் அப்படியே கொண்டுபோங்கள்.

தனியாரில் "கண்ணாடியே தேவையில்லை" என்று புரை எடுத்த இடத்தில் வைக்க, கிட்டவும் தூரவும் தெரியும் விலைகூடிய பலகுவிய வில்லை சொல்வார்கள். விழித்திரை நோயோ முற்றிய குளுக்கோமாவோ உள்ள கண்ணுக்குப் பெரும்பாலும் சாதாரண வில்லையே நல்லது.

ஒப்பரேசன் செய்த பிறகு சொட்டு மருந்து பல வாரங்களுக்கு விட வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளை காசு அனுப்புவார். சொட்டு விட வீட்டில் ஆள் யார் என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒப்பரேசனுக்குப் பின் கண் நொந்தாலோ, சிவப்புக் கூடினாலோ, பார்வை குறைந்தாலோ தாய்ப்பால், பூச்சாறு எதுவும் விடாமல் இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.