டை நிறம் பொருந்துகிறதா? மொபைலில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள்

சட்டையின் மேல் டையை வைத்து, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். எடிட்டில் 'மோனோ' ஃபில்டர் போட்டு நிறத்தை நீக்குங்கள். சட்டையைவிட டை தெளிவாக அடர்ந்து தெரிந்தால் தைரியமாகக் கட்டலாம். இரண்டும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால் வேறு டை எடுங்கள்.

டை எடுபடாமல் போவதற்குப் பெரும்பாலும் நிறம் காரணமில்லை, அடர்த்தியில் வித்தியாசம் இல்லாததே காரணம். வெளிர் நீலச் சட்டைக்கு வெளிர் நீல டை கட்டினால், நாலடி தள்ளி நின்றாலே முடிச்சு காலரோடு கரைந்துவிடும். அதே சட்டையில் நேவி புளூவோ மெரூனோ முகத்துக்குக் கீழே தெளிவாக ஒரு கோடு போட்டதுபோல் நிற்கும். முதல் டை வாங்குபவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றையே சொல்வேன், பளபளப்பில்லாத துணியில். கோடு போட்ட சட்டையா? அந்தக் கோட்டின் நிறத்திலேயே இன்னும் அடர்ந்த டையாகப் பாருங்கள். கடை விளக்கில் கறுப்பும் நேவியும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், பில் போடுவதற்கு முன் வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பது நல்லது.

கறுப்பு, கரும்பச்சை போன்ற அடர்நிறச் சட்டைக்கு இது தலைகீழ்: அங்கே டைதான் வெளிறி இருக்க வேண்டும். சாட்டின் டையில் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதால் படம் ஏமாற்றும். இரண்டு நிறங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்பதையும் இந்தப் படம் காட்டாது. அதை நிறத்தோடுதான் பார்க்க வேண்டும்.